கணினி வலையமைப்புக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய துறைகள் பல்கலைக்கழகங்களுட் புகுமுன்னரே உலகில் வழங்கிவந்தன. நோயாளரைப் பேணுவோரும் வழக்குரைப்போரும் பாலம் அமைப்போரும் முதலில் இருந்தனர். அவர்தம் தொழிலுக்கு நூல்முறையான கல்வியை வகுத்த கல்லூரிகள் பின்னரே தோன்றின. கணினி வலையமைப்பின் வரலாறோ இதற்கு மாறானது. அப்பொருளின் பெரும்பகுதி பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலேயே உருப்பெற்றது. அதனை முதலிற் கட்டியோருள்ளும் காத்தோருள்ளும் மாணாக்கர் பலர். அங்ஙனமிருந்தும், கட்டும் கலை பட்டப்படிப்பிற் பாடமாய் அமையப் பல ஆண்டுகள் சென்றன. காக்கும் கலைக்கு அங்கே இடம் கிடைத்தது அதனினும் பிந்தியே. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தவை யாவை என்பன ஆராயத்தக்கன.

முதற்கண் இரு சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். வலையமைப்புப் பொறியியல் என்பது, கணினிகள் தம்முட் செய்தி பரிமாறுதற்குரிய நெறிமுறைகளையும் கருவிகளையும் இணைப்புகளையும் வகுக்கும் கல்வி. வலையமைப்பு நிருவாகம் என்பது, அவ்வாறு வகுக்கப்பட்டதனை நாள்தோறும் இயக்கி, பழுதறிந்து திருத்தி, பயன்படுத்துவோர்க்கு இடையூறு நேராவண்ணம் காக்கும் தொழில். குளத்தையும் அணையையும் திட்டமிட்டுக் கட்டும் பொறியியலாளரின் அறிவு ஒருவகை. எவ்வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் விடுவதென்று வாய்க்கால்தோறும் நடந்து அறிந்த வட்டவிதானையின் அறிவு மற்றொருவகை. முன்னையது இல்லையேற் குளமில்லை. பின்னையது இல்லையேல் விளைவில்லை.

கொள்கையின் தோற்றம்

தொலைபேசி முறையில், இருவர் பேசத் தொடங்கினால் அவர் பேசி முடியும்வரை ஓர் இணைப்பு முழுவதும் அவர்க்கே உரியதாகும். கணினிகளின் உரையாடலோ இத்தகையதன்று. ஒரு கணத்தில் மிகுந்த செய்தியை அனுப்பி, பின் நெடுநேரம் வாளா இருத்தல் அவற்றின் இயல்பு. ஆதலின், செய்தியைச் சிறுசிறு பொதிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பொதியின்மீதும் சேருமிடத்தின் முகவரியைப் பொறித்து, கிடைக்கும் வழியிற் செலுத்தும் முறை வேண்டப்பட்டது. தபாற்கந்தோரிற் சேர்ந்த கடிதங்கள் பலருக்கும் பொதுவான ஒரே பையிற் செல்வதுபோல்வது இது.

இம்முறை தனியொருவரின் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் ரான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பறன், போர்க்காலத்திலும் அழியாத தொடர்பு முறையை நாடித் தம் ஆய்வறிக்கைகளை 1964இல் வெளியிட்டார். அதே ஆண்டில், லெனாட் கிளைன்றொக் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு நூலாக வெளிவந்தது. செய்திகள் வரிசையிற் காத்திருக்கும் நேரத்தைக் கணித முறையால் அளக்கும் வழியை அது காட்டிற்று. இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனல்ட் டேவிஸ் 1965இல் இக்கருத்தைத் தாமாகவே அடைந்தார். பொதி எனப் பொருள்படும் பெயரை வழங்கியவரும் அவரே. கணிதமும் மின்னியலும் கற்றோர் இத்துறையின் கொள்கையை வகுத்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

மாணாக்கர் கட்டிய வலை

சோவியத் நாடு 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணிற் செலுத்தியது. அதன் எதிரொலியாக அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1958இல் ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி முகாமையை நிறுவிற்று. அம்முகாமையின் பணத்தைக்கொண்டு அமைந்ததே ஆர்ப்பாநெற். அதன் முதல் நான்கு நிலையங்கள் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனம், சாந்தா பாபராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், யூற்றாப் பல்கலைக்கழகம் என்பன. 1969ஆம் ஆண்டு முடிவதற்குள் இந்நான்கும் இணைக்கப்பட்டன. பொதிகளைப் பெற்று வழிப்படுத்தும் இம்ப் என்னும் பொறிகளை போல்ற் பெறனெக் நியூமன் என்னும் நிறுவனம் செய்து கொடுத்தது. ஆனால் அப்பொறிகளோடு இணையும் பெரிய கணினிகள் எம்மொழியில் ஒன்றோடொன்று பேசுதல் வேண்டும் என்பதை வகுக்கும் பொறுப்பு, பெரும்பாலும் பட்டப்பின் மாணாக்கரிடமே விடப்பட்டது.

அம்மாணாக்கருள் ஒருவரான ஸ்ரீவ் குறொக்கர், கூட்டங்களிற் பேசப்பட்டவற்றைக் குறிப்புகளாக எழுதி எல்லா நிலையங்களுக்கும் அனுப்பும் வழக்கத்தைத் தொடக்கினார். முதற் குறிப்பு 1969ஆம் ஆண்டு ஏப்பிரில் 7ஆம் நாளைக் கொண்டது. பேராசிரியர்களோ அரசோ மேற்பார்வை செய்ய வருவர், அவர்முன் தாம் முடிவுகூறுவோர்போல் தோன்றுதல் தகாது என்ற அச்சத்தினால், அக்குறிப்புகளுக்குக் 'கருத்துரை வேண்டல்' என்னும் பணிவான பெயரை அவர் சூட்டினார். அவருடன் உழைத்த வின்ற் சேர்வ், ஜோன் பொஸ்ரெல் என்போரும் அக்காலத்தில் மாணாக்கரே. பொஸ்ரெல் தாம் 1998இல் இறக்கும்வரை இக்குறிப்புத் தொடரின் பதிப்பாசிரியராய் விளங்கினார். இணையத்தின் நெறிமுறைகள் இன்றும் அப்பெயராலேயே வெளியிடப்படுகின்றன. எவரும் படிக்கலாம், எவரும் குறைகூறலாம் என்னும் அப்பண்பே, பிற்காலத்தில் உலகின் எம்மூலையிலுள்ள மாணவனும் இத்துறையின் மூலநூல்களைப் பொருட்செலவின்றிக் கற்பதற்கு வழிவகுத்தது.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சலிசில் சாளி கிளைன் என்னும் மாணவர், ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்துக் கணினியினுட் புகுதற்குரிய ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டத் தொடங்கினார். இரண்டெழுத்துகள் சென்றவளவில் மறுபுறத்துக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒருமணிநேரத்தின் பின்னரே முழுக் கட்டளையும் சென்றது. வலையமைப்பின் முதற்செய்தியும் முதற்பழுதும் ஒரே கணத்திற் பிறந்தன எனல் பொருந்தும். கட்டியோரே அன்று திருத்தியோரும் ஆவர். பொறியியல், நிருவாகம் என்னும் பிரிவு அன்று தோன்றவில்லை.

பழுது கற்பித்த பாடம்

1974இல் சேர்வும் றொபேட் கானும் எழுதிய கட்டுரை, வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றிணைக்கும் நெறிமுறைக்கு அடிகோலிற்று. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் சேர்வின் மாணாக்கரான யோகன் தலால், காள் சண்ஷைன் என்போர் அவருடன் சேர்ந்து அவ்வாண்டிலேயே அதன் நுணுக்கங்களை வரைந்தனர். 1983ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெற் முழுவதும் இப்புதிய நெறிமுறைக்கு மாறியது.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இக்கல்வியின் இயல்பை நன்கு விளக்கும். 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் ஆர்ப்பாநெற் முழுவதும் பல மணிநேரம் பயனற்றுக் கிடந்தது. ஒவ்வொரு பொறியும் தன் இணைப்புகளின் நிலையை மற்றைப் பொறிகளுக்கு அறிவிக்கும். பழைய அறிவித்தலையும் புதியதையும் பகுத்தறிவதற்காக அதில் ஒரு தொடரெண் இடப்படும். அத்தொடரெண் 63ஐ அடைந்தபின் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும் வட்ட முறையானது. அன்று பழுதுற்ற ஒரு பொறி சில இலக்கங்களை நழுவவிட்டமையால், ஒரே அறிவித்தல் 44, 40, 8 என்னும் மூன்று தொடரெண்களோடு வலையிற் பரவிற்று. இரும எண்முறையில் 44 என்பது 101100. அதில் ஓர் ஒன்று சுழியமானால் 101000, அதாவது 40. அதிலும் முதல் ஒன்று மறைந்தால் 001000, அதாவது 8. வட்டக் கணக்கின்படி 40இனும் 44 புதியது. 8இனும் 40 புதியது. 44இனும் 8 புதியது. எனவே ஒவ்வொரு பொறியும் ஒவ்வொன்றையும் புதியதெனக் கொண்டு அயற்பொறிகளுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தது. மூன்று செய்திகள் முடிவின்றிச் சுழன்று வலை முழுவதையும் அடைத்துக்கொண்டன.

எறிக் றோசன் என்பவர் இதனை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1981இல் கருத்துரை வேண்டல் 789ஆம் எண்ணாக வெளிவந்தது. ஒரு கருவியின் சிறு பழுது ஒரு கணக்கு முறையின் மறைந்த குறையோடு கூடியபோது முழு அமைப்பும் வீழ்ந்தது என்னும் உண்மையை அது காட்டிற்று. கொள்கை மட்டும் அறிந்தவர் அப்பொறி இலக்கத்தை நழுவவிடும் என எதிர்பாரார். கருவியை மட்டும் அறிந்தவர் வட்டக் கணக்கின் குறையைக் காணார். இருவகை அறிவும் ஒருவரிடத்தோ ஒரு குழுவினிடத்தோ கூடுதல் இன்றியமையாதது.

1986ஆம் ஆண்டு ஒக்டோபரில் இதனையொத்த வேறொரு பாடம் கிடைத்தது. பேக்கிளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் அயலிலுள்ள லோறன்ஸ் ஆய்வுகூடத்துக்கும் இடைத்தூரம் 400 யார். அவற்றிடையே விநாடிக்கு 32,000 இலக்கம் சென்ற வேகம் 40 இலக்கமாகக் குன்றியது. நெரிசலிற் காணாமற்போன பொதிகளைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கினமையே காரணம். அனுப்புவோன் நெரிசலை உணர்ந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை வகுத்தது. அம்முறையின் வழிவந்தவை இன்றும் இணையத்தைத் தாங்குகின்றன.

பாடநூலும் பணியும் பிரிதல்

இக்காலத்தில் வலையமைப்பு பல்கலைக்கழகப் பாடமாய் உருப்பெறலாயிற்று. அன்றூ தனென்போமின் 'கணினி வலையமைப்புகள்' என்னும் ஆங்கிலப் பாடநூல் 1981இலும், பேடியூப் பல்கலைக்கழகத்து டக்லஸ் கோமரின் இணைய நெறிமுறை நூலின் முதற்பாகம் 1988இலும் வெளிவந்தன. அடுக்குகளாகப் பகுத்துக் கற்பிக்கும் முறை நிலைபெற்றது: கம்பியும் சைகையும் அடியிலும், முகவரியும் வழியும் இடையிலும், பயன்பாடுகள் மேலுமாக அடுக்குகள் அமைந்தன. இது சிறந்த முறையே. ஆயினும் அடுக்குகளைத் தனித்தனியே கற்ற மாணவன், பழுதுற்ற வலையின் முன் நிற்கும்போது குறை எவ்வடுக்கிலுள்ளது என்று காணும் பயிற்சியை அந்நூல்களாற் பெறல் அரிது. அதனைக் கணினிக்கூடத்துப் பணியாளரிடமே பெறவேண்டியிருந்தது. அப்பணியாளர்க்கோ ஆசிரியர் என்னும் மதிப்பு இருந்ததில்லை.

இந்நிலையை மாற்ற உழைத்தோருள் ஈவி நெமெத் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் கணினியியல் கற்பித்தார். தம் துறையின் கணினிகளை நிருவகிக்கும் பொறுப்பைப் பட்டப்படிப்பு மாணாக்கரிடமே ஒப்புவித்து, அவர்களைத் தொழிலிற் பழக்கினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் சேர்ந்தெழுதிய யுனிக்ஸ் நிருவாகக் கைந்நூல் 1989இல் வெளிவந்து, பல பதிப்புகளைக் கண்டது. அதன் சிறப்பு, உண்மையில் நிகழ்ந்த இடர்களிலிருந்து விதிகளைப் பெறுவதாகும். கடற்பயணத்தில் நாட்டமுடைய அவ்வம்மையார் 2013இல், நியூசிலாந்திலிருந்து அவுஸ்திரேலியா நோக்கிச் சென்ற பாய்க்கப்பலோடு காணாமற்போனார். அவர் பழக்கிய முறை அவர்தம் மாணாக்கரால் நிலைபெற்றது.

நிருவாகம் விளையாட்டன்று என்பதை 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உலகுக்கு உணர்த்திற்று. கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மாணவர் ஒருவர் விடுத்த, தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் நிரல் ஏறத்தாழ 6,000 கணினிகளைப் பற்றியதென மதிப்பிடப்பட்டது. அந்நிரல் புகுந்த வழிகள் புதுமையானவையல்ல: திருத்தப்படாத மென்பொருட் குறைகள், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள், ஒன்றையொன்று ஐயமின்றி நம்பிய கணினிகள். அதனை ஆராய்ந்து மாற்று வழி கண்டோரும் பேக்கிளி, மசச்சூசெற்ஸ் முதலிய கல்விநிலையங்களிற் கணினிகளைக் காத்துவந்தோரே. அதே மாதத்தில் கானெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய இடர்களை எதிர்கொள்ளும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

சான்றிதழ்களின் காலம்

பல்கலைக்கழகம் விட்ட இடத்தை வணிகம் பிடித்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கணினிகளை நிருவகித்த லெனாட் பொசாக், சான்டி லேணர் என்னும் தம்பதியர் 1984இல் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடக்கினர். வலைகளை இணைக்கும் வழிப்படுத்திகளை அந்நிறுவனம் விற்றது. அவற்றின் மூலம் அப்பல்கலைக்கழகத்திலேயே உருவான கருவியாகும். கருவிகள் உலகெங்கும் பரவியபோது அவற்றை இயக்கத் தெரிந்தோர் போதாமையால், 1993இல் அந்நிறுவனமே நிபுணர்க்கான பரீட்சை ஒன்றை ஏற்படுத்திற்று. தொடக்ககாலத்தில் அதன் செய்முறைத் தேர்வு இருநாள் நடைபெற்றது. பரீட்சார்த்தி தானே ஒரு வலையைக் கட்டவேண்டும். பின்னர் பரீட்சகர் அதிற் பழுதுகளைப் புகுத்துவார். அவற்றைக் குறித்த நேரத்துட் கண்டு திருத்தவேண்டும். தொடக்கநிலையினர்க்கான சான்றிதழ் 1998இல் வந்தது. 1997இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் கல்வித்திட்டம் பல நாடுகளின் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் புகுந்தது.

இதன் நன்மையை மறுத்தல் இயலாது. பட்டம் பெற வாய்ப்பில்லாத இளைஞர் பலர் இவ்வழியாற் சீரிய தொழிலை அடைந்தனர். கருவிகள் இல்லாதவிடத்தும், அவற்றைப்போல் இயங்கும் போலி வலையைக் கணினித் திரையில் அமைத்துப் பழகும் மென்பொருளும் கிடைத்தது. எனினும் குறைகளும் உள. ஒரு நிறுவனத்தின் கருவிக்குரிய கட்டளைகளை மனனஞ்செய்தல் கல்வியாகிவிடும் இடர் ஒன்று. சான்றிதழ் சில ஆண்டுகளிற் காலாவதியாதலால் கற்றோன் மீண்டும் மீண்டும் பொருள்செலவிட நேர்தல் மற்றொன்று. ஏன் அவ்வாறு இயங்குகின்றது என்னும் வினாவைப் பல்கலைக்கழகமும், எவ்வாறு இயக்குவது என்னும் வினாவைச் சான்றிதழும் பங்கிட்டுக்கொண்டன. 2008இல் அமெரிக்கக் கணினியியற் சங்கங்கள் தகவற் றொழினுட்பப் பட்டத்துக்கு வகுத்த பாடத்திட்டத்தில் வலையமைப்பும் நிருவாகமும் தனித்தனி அறிவுத்துறைகளாக இடம்பெற்றமை, இப்பிரிவைச் சீர்செய்யும் முயற்சியாகக் கருதற்குரியது.

இந்தியாவும் இலங்கையும்

தென்னாசியாவிலும் வலையமைப்பு கல்விநிலையங்களின் வழியாகவே வந்தது. இந்தியாவில் 1986இல் ஏர்நெற் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டம் தொடங்கியது. சென்னையிலுள்ளது உட்பட இந்தியத் தொழினுட்பக் கழகங்கள் அதிற் பங்குபற்றின. இலங்கையிலும் 1990ஆம் ஆண்டை அடுத்து மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு மின்னஞ்சற் சேவை வளர்ந்தது. பேராசிரியர் அபய இந்துறுவ முதலியோரின் முயற்சியால் அது லேர்ண் என்னும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாக விரிந்து, பல்கலைக்கழகங்களை இணைத்தது. இங்கும் கட்டியோர் ஆசிரியரும் மாணாக்கருமே.

இலங்கைக்குச் சிறப்பாக உரிய மற்றொரு செய்தியும் உண்டு. 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணாக்கரை ஆயத்தஞ்செய்தது. வேறு தொழில் செய்துகொண்டே நூலும் விளக்கும் துணையாகப் படித்துப் பட்டம் பெறும் மரபு இந்நாட்டில் வேரூன்றியது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவற் றொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியபோது அம்மரபு கணினியுலகுக்கும் நீண்டது. வரலாறும் இலக்கியமும் தனித்திருந்து கற்றற்கு இயைந்தவை. வலையமைப்போ பிறரோடு இணைந்தன்றி இயங்காதது. இரவு பதினொரு மணிக்கு அறுந்த இணைப்பை, மறுநாட் காலை பிறர் பணிக்கு வருமுன் சீர்செய்யும் பொறுப்பை நூல் தரமாட்டாது. வெளிவாரி மாணவன் எதிர்நோக்கும் தடை அறிவுக் குறையன்று. தன் கையில் ஒப்புவிக்கப்பட்ட ஒரு வலை இல்லாமையே.

முடிவுரை

2008இல் ஸ்ரான்போட் ஆய்வாளரும் பிறரும், பல்கலைக்கழக வளாகத்தின் வலையையே ஆய்வுக்களமாக்கும் முறை ஒன்றை முன்மொழிந்தனர். மென்பொருளால் வலையை ஆளும் இன்றைய போக்குக்கு அது பெரிதும் உதவிற்று. கல்வி மீண்டும் தன் பிறந்தகத்தை நாடியது எனலாம். மறுபுறம், 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் வலை ஏறத்தாழ ஆறுமணிநேரம் உலகின் பார்வையிலிருந்து மறைந்தது. பராமரிப்பின்போது இடப்பட்ட கட்டளை ஒன்று அதன் உள்ளிணைப்புகளைத் துண்டித்தது. அத்தகைய தவற்றைத் தடுக்கவேண்டிய மென்பொருளும் தன் குறையால் தடுக்கவில்லை. திருத்தவேண்டிய பொறியியலாளரின் கருவிகளும் அவ்வலையையே சார்ந்திருந்தமையால் திருத்தம் தாமதமாயிற்று. 1980இன் பாடம் நாற்பதாண்டுகள் கழித்தும் பழமையாகவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவது ஒன்று. பொறுப்பு மாணாக்கரிடம் ஒப்புவிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் வலையமைப்புக் கல்வி செழித்தது: குறொக்கரின் குறிப்புகளிலும், நெமெத்தின் கணினிக்கூடத்திலும், மொறட்டுவையின் மின்னஞ்சலிலும் இதனைக் காணலாம். பூட்டிய அறையிற் காட்சிப்பொருளாய் வைக்கப்பட்ட கணினிகள் எவரையும் நிருவாகி ஆக்கியதில்லை. இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிற் கணினிக்கூடங்கள் உள. அவற்றின் சிறு வலையைக் காக்கும் பணியை உயர்தர வகுப்பு மாணாக்கரிடம் முறைவைத்து ஒப்புவித்து, நேர்ந்த பழுதுகளையும் செய்த திருத்தங்களையும் ஒரு பதிவேட்டில் எழுதச்செய்து, ஆசிரியர் மேற்பார்வை செய்தல் பெரும்பொருள் வேண்டாத முயற்சியாகும். சில வேளைகளில் வலை நின்றுபோகும். ஒரு பாடவேளை வீணாகவுங்கூடும். அவ்விழப்பைப் பொறுக்கும் கல்லூரியே, கட்டவும் காக்கவும் வல்லாரை நாட்டுக்கு அளிக்கும்.